பட்டா இல்லாதவரின் பசு

குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ரப்பரும் தென்னையும்தான். அந்த மரங்களுக்கு இடையே நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பிழைப்பவர்களை மேலிருந்து பார்க்க முடியாது. வயதான ரப்பரை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்ட விளையை (தோட்டத்தை) மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எடுத்து அன்னாசியோ மரச்சீனியோ வாழையோ போடுவார்கள். வீட்டோடு ஒரு பசு, இரண்டு ஆடு நிற்கும். புல் அந்த விளையிலிருந்தே வரும். நிலத்துக்காரரோடு பேச்செல்லாம் வாய்வார்த்தைதான். பணம் கைமாறும், காகிதம் எழுதுவதில்லை.

காகிதத்துக்கு வழியில்லாமல் இல்லை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். அடுத்த வருஷம் விளை கிடைக்காதே என்று பாட்டக்காரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் சேர்ந்து பாட்டத்தைப் பதிவேட்டுக்கு வெளியிலேயே வைத்திருக்கின்றன. விளைவு, நிலத்தை வைத்து அளக்கும் திட்டம் எதுவும் பாட்டக்காரரை எட்டுவதில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் நிதி நிலம் தன் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான்.

மாட்டின் விஷயம் வேறு. மாட்டுக்குப் பட்டா கேட்பதில்லை.

2019 செப்டம்பரில் கோமாரிக்கும் புருசெல்லா என்ற கருச்சிதைவு நோய்க்கும் எதிராக தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதோடு மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டும் வேலை பெரிய அளவில் நடந்தது. அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளரின் பெயர், ஊர், கைபேசி எண், மாட்டின் இனம், வயது, போட்ட ஊசி, சினை விவரம் எல்லாம் ‘பாரத் பசுதன்’ என்ற கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. மாடு நிற்கும் மண் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. பாட்டக்காரரின் தொழிலுக்கு அவர் பெயரிலேயே அரசுப் பதிவு இருக்கிறது என்றால், பல வீடுகளில் அது இந்த வில்லை மட்டும்தான்.

இதை நம் மக்கள் இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் கவலை. காது கிழியும் என்று வேண்டாம் என்பவர்கள் உண்டு. வேலிக் கம்பியில் மாட்டி வில்லை அறுந்து விழுந்தால் அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். காப்பீடு செய்த மாடு செத்துப்போனால் முதலில் பார்ப்பது காதைத்தான். வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அறுந்த அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புது வில்லை போட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். அதே போல மாட்டை விற்றால் பதிவேட்டில் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் மாடு ஒரு வீட்டிலும் அதன் எண் இன்னொருவர் பெயரிலும் கிடக்கும். வாங்கியவருக்குக் காப்பீடு எடுக்கும்போது சிக்கல் வரும்.

கடனிலும் இதே வாசல் திறந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டையை ரிசர்வ் வங்கி விரிவுபடுத்தியபோது, வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த கொட்டகையில் மாடு வளர்ப்பவரும் தகுதியானவர் என்று தெளிவாகவே எழுதியது. வங்கியில் சிட்டா கேட்டால் பாட்டக்காரர் தலை குனிந்து திரும்பிவிடக் கூடாது. கால்நடைக்கான அட்டை என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி மாடு நகரும் விஷயம். சிதறாலிலிருந்து மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை, இல்லையென்றால் அருமனை, பனச்சமூடு வழியாக வெள்ளறடை. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கேரளம். உறவும் கல்யாணமும் வியாபாரமும் எல்லை பார்ப்பதில்லை. ஆனால் மாட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் கூடவே வருகின்றன. பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று வேண்டும். சாதாரண லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. தரையில் வழுக்காமல் கயிற்றுப் பாயோ பலகையோ இருக்க வேண்டும். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நடத்திக் கொண்டுபோனாலும் 5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அதற்கென்று 2001ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன.

ஒற்றைப் பசுவை மினி லாரியில் ஏற்றும் பாட்டக்காரருக்கு இத்தனையும் யார் சொல்லிக் கொடுத்தது? தரகர்தான் அவருக்கு விதிப்புத்தகம். சான்று இல்லாமல் வழியில் மாட்டிக்கொண்டால் தரகர் இருக்க மாட்டார்.

சட்டங்களில் கட்டாயம் படிக்க வேண்டியது 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மாட்டைக் கையில் வைத்திருப்பவர் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிலோ சொல்ல வேண்டும். நோய்ப்பட்டதைத் தனியே கட்ட வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால், ஊசி போட்டு 21 நாள் கழியாத மாட்டை அங்கிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. 2019இல் ஒடிசாவில் தலைகாட்டிய தோல் கழலை நோய் 2022இல் குஜராத்தையும் ராஜஸ்தானையும் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் இந்த 21 நாளைத் தொந்தரவு என்று சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் விளையில் மேய்க்கிறவருக்குத் தனியே கட்ட இடம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் சட்டத்தில் பதில் இல்லை.

ஏழைக்கு எதிராக விதி எழுதினால் எப்படியிருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளில், மாடு வாங்க வருபவர் விவசாயிதானா என்று வருவாய்த்துறை ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று இருந்தது. பாட்டக்காரர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தையே கூடாது என்றும் இருந்தது. அப்படிப் பார்த்தால் சிதறால் மட்டுமல்ல, விளவங்கோடு வட்டம் முழுவதிலும் ஒரு மாட்டுச் சந்தை கூட நடத்த முடியாது. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த விதிகளுக்குத் தடை விதித்தது. ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. இறைச்சி அரசியலாக மட்டுமே அது அன்று பேசப்பட்டது. நிலமில்லாத மாட்டுக்காரரின் வயிற்றில் அடித்த விதி என்று பேசியவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் நிலத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஓர் ஆடு வளர்ப்பதானாலும் அது நிற்கும் இடத்துக்கு ஒன்பது இலக்க எண் வாங்க வேண்டும். வாடகை வயலாக இருந்தாலும் வளர்ப்பவர் பெயரில் எண் கிடைக்கும். 2001இல் கோமாரி பரவி, அதைத் தடுக்க 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்ற பிறகு, வெளியிலிருந்து ஒரு மாடோ ஆடோ பண்ணைக்குள் வந்தால் அங்குள்ளவை ஆறு நாள் வெளியேறக் கூடாது என்ற விதி உறுதியாக நிலைத்தது. வாடகைக்காரரையும் கணக்கில் சேர்த்துத்தான் அங்கே நோயைத் துரத்துகிறார்கள்.

நம் பக்கத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமலே பலவற்றைச் செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை கோமாரி ஊசி போட ஊருக்கு வரும் குழு, அன்றே அறுந்த வில்லையை மாற்றி, உரிமையாளர் பெயரையும் திருத்தித் தரட்டும். பால் சங்கத்தில் பால் அளக்கும் இடத்தில், மாடு எல்லை தாண்ட என்னென்ன வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். களியக்காவிளைச் சாலையில் அதையே மலையாளத்திலும் எழுதலாம். பயணச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டு மருந்தகத்தில் காத்திருப்பவருக்கு, மருத்துவர் எந்த நாள், எந்த நேரம் சான்று தருவார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த ஊசி முகாமிலேயே தொடங்கிவிடலாம்.