உணவுத் தட்டில் தொடங்க வேண்டிய நோய்த் தடுப்பு

மாத்தளை மாவட்டத்தின் எந்தவோர் அரசாங்க வைத்தியசாலைக்கும் கிளினிக் நாளொன்றில் சென்று பார்த்தால், விடியற்காலையிலேயே நீண்ட வரிசையொன்றைக் காணலாம். இறத்தோட்டை, எல்கடுவ தோட்டப் பகுதிகளிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய தொழிலாளர்களும், உக்குவளைப் பக்கத்துத் தாய்மாரும், நகரக் கடைவீதி வியாபாரிகளும் கையில் கிளினிக் கொப்பியுடன் ஒரே வரிசையில் காத்து நிற்பர். மொழியும் மதமும் தொழிலும் வேறாக இருந்தாலும் அக்கொப்பிகளில் எழுதப்பட்டிருக்கும் நோய்கள் பெரும்பாலும் ஒன்றுதான். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், இருதய நோய் என்பனவே அவை.

எமது நாட்டில் நிகழும் மரணங்களுள் 10இல் 8 தொற்றா நோய்களினால் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2021ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட தேசிய ஆய்வின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தமும், ஏறத்தாழ எழுவரில் ஒருவருக்கு நீரிழிவும் காணப்பட்டன. இந்நோய்கள் வந்த பின்னர் முற்றாக நீங்குவது அரிது. வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் மாதாந்த வரிசையுமே மிஞ்சுகின்றன. தினச் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் இழந்த ஒருநாள் வருமானமாகும். ஆயினும் இந்நோய்களின் கணிசமான பகுதியைத் தடுக்கவோ பல ஆண்டுகள் பின்தள்ளவோ முடியும் என்பதும், அதற்கான முதற்படி எமது சமையலறையிலேயே உள்ளது என்பதும் எம்மில் பலர் போதியளவு சிந்திக்காத விடயங்களாகும்.

இது தொடர்பில் மாத்தளை மாவட்டத்துக்கு விசித்திரமானதொரு நிலைமை உண்டு. 1999ஆம் ஆண்டு தம்புள்ளையில் ஆரம்பிக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையத்தின் ஊடாகவே நாட்டின் பல பாகங்களுக்கும் மரக்கறிகள் செல்கின்றன. தம்புள்ளை, கலேவெல, நாவுல பிரதேசங்களில் பெரிய வெங்காயமும் பூசணியும் கத்தரியும் விளைகின்றன. மாவட்டத்தின் ஈரவலயத்தில் பலாவும் ஈரப்பலாவும் மிளகும் சாதிக்காயும் செழித்து வளர்கின்றன. விலை வீழ்ச்சியடையும் பருவங்களில் மரக்கறிகள் விற்பனையின்றிக் கொட்டப்படும் செய்திகளையும் நாம் வாசிக்கின்றோம். நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் இதே மாவட்டத்தின் லயன் அறைகளிலும் நகர வீடுகளிலும் அன்றாட உணவுத் தட்டை நிரப்புபவையோ கோதுமை மாவும் சீனியும் எண்ணெயுமே. இந்த முரண்பாட்டைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

கோதுமை மா எமது மக்களின் பூர்வீக உணவு அன்று. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதையடுத்து, இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மிய அரிசியின் வருகை தடைப்பட்டது. அரிசித் தட்டுப்பாட்டை ஈடுசெய்யப் பங்கீட்டு முறையில் கோதுமை மா வழங்கப்பட்டது. போர் முடிந்தது, மா மட்டும் நிலைத்துவிட்டது. அதிகாலையிலேயே மலைக்கு வேலைக்குச் செல்ல வேண்டிய தோட்டத்துத் தாய்க்கு, விரைவில் சுடக்கூடியதும் கையில் எடுத்துச் செல்லக்கூடியதுமான ரொட்டி வசதியாக அமைந்தது. நகரத்தில் அந்த இடத்தைப் பாணும் பணிஸும் பராட்டாவும் பிடித்துக்கொண்டன. ஆகவே இன்றைய உணவுப் பழக்கத்தை மக்களின் அறியாமை என்று மாத்திரம் கூறிவிட முடியாது. வரலாறும் வறுமையும் நேரமின்மையும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் அது.

அதன் விளைவுகள் இருமுகம் கொண்டவை. 2016ஆம் ஆண்டு குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் தேசிய ரீதியில் சுமார் 17 வீதமாக இருக்கையில், தோட்டத்துறையில் அது சுமார் 32 வீதமாக இருந்தது. அதாவது தோட்டத்துப் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் வளர்ச்சி குன்றியிருந்தார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்நிலையை மேலும் சிக்கலாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. முட்டையும் மீனும் பாலும் பல வீடுகளிலிருந்து விடைபெற்றன. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போஷாக்குக் குன்றியோர், வளர்ந்தபின் மாவும் சீனியும் மிகுந்த உணவை உண்ணும்போது நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகின்றனர் என்பதை மருத்துவ உலகம் நன்கு அறியும். பிள்ளையின் மெலிவும் பெற்றோரின் நீரிழிவும் ஒரே தட்டிலிருந்து தோன்றுபவை என்பதை நாம் உணர வேண்டும்.

அவ்வாறாயின் செய்யக்கூடியது என்ன? விலையுயர்ந்த சத்துமாக்களையோ வெளிநாட்டுப் பழங்களையோ வாங்குமாறு நாம் கூற முன்வரவில்லை. உணவின் அளவையும் சேர்க்கையையும் நேரத்தையும் சிறிது மாற்றுவதே போதுமானதொரு தொடக்கமாகும். தட்டின் பெரும்பகுதியைச் சோறு நிரப்ப, ஓரத்தில் ஒரு கரண்டி கறி வைக்கும் வழக்கத்தை முதலில் மாற்றுவோம். சோறு குறைந்து, மரக்கறியும் கீரையும் தட்டின் பாதியளவுக்கு வரட்டும். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பூசணியும் பயற்றங்காயும் கொய்யாவும் பப்பாசியும் இதற்குப் போதும். ரொட்டியை விட முடியாதவர்கள், மாவில் ஒரு பகுதிக்குக் குரக்கன் மாவைச் சேர்த்து, நறுக்கிய முருங்கை இலையையும் வெங்காயத்தையும் கலந்து சுடலாம். தொட்டுக்கொள்ளச் சம்பல் மட்டும் என்றில்லாமல் பருப்போ அவித்த பயறோ கௌபியோ இருந்தால், அதே ரொட்டி ஓரளவு நிறைவான உணவாகிவிடும்.

தேயிலை விளையும் மண்ணில் வாழும் நாம் தேநீர் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய உண்மையொன்று உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அது உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே சாயம் குடிக்கும் பழக்கத்தினால், உண்ட உணவிலிருந்த கொஞ்ச இரும்புச் சத்தும் வீணாகிறது. இரத்தச்சோகையினால் களைத்துப் போகும் பெண்களுக்கும், வளரும் பெண் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் இது பெரும் இழப்பாகும். தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுவதே நல்லது. மாறாக, கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விட்டாலோ உணவோடு நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றை உண்டாலோ அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். சிறு குழந்தைக்குத் தேநீரில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதை முற்றாக நிறுத்த வேண்டும்.

அடுத்தது சீனி. ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால், இரண்டு கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு கோப்பை தேநீர் அருந்துபவர் 40 கிராம் சீனியை உட்கொள்கிறார். வளர்ந்த ஒருவருக்குச் சேர்க்கப்பட்ட சீனியின் மேல் எல்லை சுமார் 50 கிராம். அதை 25 கிராமுக்குள் வைத்திருப்பது மேலும் நன்று. எஞ்சியதைப் பணிஸும் பிஸ்கட்டும் சோடாவும் நிரப்பிவிடுகின்றன. வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாவும் பழகிக்கொள்ளும். இனிப்புப் பானங்களை வாங்குவோர், 2016ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் அவற்றின் மீது அச்சிடப்பட்டுவரும் நிறக் குறியைக் கவனிக்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமிலும் குறைவாயின் பச்சை, இடைப்பட்டதாயின் செம்மஞ்சள். எழுத்தறியாப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளக்கூடிய இக்குறியைப் பெரியவர்கள் காணாதிருப்பது பொருத்தமன்று.

உப்பின் கணக்கு இதனினும் எளியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும். 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு இது மாதமொன்றுக்கு 750 கிராம் ஆகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சுவையூட்டிக் கட்டிகள், கடைச் சிற்றுண்டிகள் என்பவற்றிலுள்ள உப்பும் இதற்குள் அடக்கம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பைக்கற் உப்பு முடிகிறது என்பதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சோற்றுக்கு உப்பிடாதிருப்பதும், கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைப்பதும் செலவற்ற வழிகள். மிளகும் கறுவாவும் விளையும் மாவட்டத்தில், உப்பினால் தேடும் சுவையை வாசனைத் திரவியங்களாலும் புளியாலும் தேடிக்கொள்ள முடியும்.

மீனும் இறைச்சியும் வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. சோறும் பருப்பும் சேரும்போது அவற்றிலுள்ள புரதங்கள் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. வாரத்தில் சில நாட்கள் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி நெத்தலியோ சேர்ந்தால் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு அது பேருதவியாகும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்து உண்டால், உரியவருக்கு அதன் பயன் கிட்டாது என்பதையும் நினைவூட்ட விரும்புகின்றோம். வீட்டின் பின்புறத்திலோ லயன் ஓரத்திலோ கிடைக்கும் சிறு நிலத்தில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாசியும் சில பொன்னாங்காணித் தண்டுகளும் வல்லாரையும் நட முடிந்தால், கடைக்குச் செல்லாமலே தினமும் ஒரு கீரை கிடைக்கும். அரிசிப் பஞ்ச காலங்களில் இலங்கையரைக் காத்த பலாக்காயை இன்று பழுத்து விழ விடுவது எமது கவலையீனமேயாகும்.

எமது முன்னோர் உணவையும் நோயையும் வேறு வேறாகக் கருதியவர்கள் அல்லர். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்பதே பெயர். ஆனால் அதிலே வள்ளுவர் பெரிதும் வலியுறுத்துவது, உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதையே. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். பகல் முழுதும் நோன்பிருந்த உடலுக்கு, பேரீச்சம்பழமும் நீரும் பயறு சேர்ந்த நோன்புக் கஞ்சியும் எத்துணை பொருத்தமானவை! அவற்றுக்குப் பின்னே எண்ணெயில் பொரித்த சமூசாவும் ரோல்ஸும் கட்லட்டும் சீனிச் சர்பத்தும் வரிசையாக வரும்போதுதான் நோன்பின் நன்மையை உடல் இழக்கிறது. கோயில் திருவிழாக்களின் அன்னதானத்துக்கும் இது பொருந்தும். ஒரு பொரியலைக் குறைத்து ஒரு கீரையைக் கூட்டினால் புண்ணியம் குறைந்துவிடப் போவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கறுவா நீரோ வெந்தயமோ பாகற்காய்ச் சாறோ நீரிழிவை முற்றாக நீக்குமென நம்பி, வைத்தியர் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் எம்மிடையே உளர். நல்லுணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றீடு அன்று. நோய் இருப்பதே தெரியாமல் வாழ்வோரும் பலர். 35 வயதைக் கடந்தவர்கள், அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் குருதிச் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எனினும் முழுப் பொறுப்பையும் ஏழைத் தாயின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கையில் காசில்லாதவருக்குச் சமபல உணவு பற்றிய போதனை மட்டும் பசியாற்றாது. தம்புள்ளையில் மலிந்து கிடக்கும் மரக்கறி, சில மணித்தியாலப் பயணத் தூரத்திலுள்ள தோட்டங்களை நியாய விலையில் சென்றடைய ஒழுங்கு செய்வது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இயலாத காரியமன்று. பிள்ளைக் காம்பரா எனப்படும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் வழங்கப்படும் ஒருவேளை உணவில் கீரையும் புரதமும் இருப்பதைத் தோட்ட நிர்வாகங்கள் உறுதிப்படுத்த வேண்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் பணிஸுக்குப் பதிலாக அவித்த கடலையும் இலைக்கஞ்சியும் இடம்பெறுவதை அதிபர்களும் பெற்றோரும் கவனிக்கலாம். சுகாதார அமைச்சின் போஷாக்கு வழிகாட்டல்கள் தமிழிலும் எளிய நடையிலும் ஒவ்வொரு லயனுக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் செல்ல வேண்டும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று சிறுவயதில் நாமெல்லோரும் படித்தோம். அச்செல்வத்தை ஒரே நாளில் தேடிவிட முடியாது. ஒவ்வொரு வேளையும் சிறிது சிறிதாகவே சேர்க்க முடியும். நாளைக் காலைத் தேநீரில் அரைக்கரண்டி சீனி குறைவதும், மதியத் தட்டில் ஒரு கைப்பிடி கீரை கூடுவதும் சின்னஞ்சிறு மாற்றங்களாகத் தோன்றலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த விடியற்கால வரிசையில் எமது பிள்ளைகள் நிற்பார்களா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் அச்சிறு மாற்றங்களுக்கும் பெரும் பங்குண்டு.