பந்தாடிய தேசங்கள் – 12: வாக்குச்சீட்டின் எல்லைக்கோடு

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்த திருத்தணியிலே வாழ்கிறவர்களுக்கு, வரைபடத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு மனிதருடைய பாத்தியதையை எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஐரோப்பாவின் சிறந்த கால்பந்தாட்டக்காரரைத் தெரிந்தெடுத்த வாக்கெடுப்பை விவரிக்கப் புகும்போது, அதன் எல்லைக்கோட்டை முதலில் கவனிப்பதே உசிதமென்று நினைக்கிறேன்.

‘பிரான்ஸ் ஃபுட்பால்’ பத்திரிகை 1956-இல் ஏற்படுத்திய தங்கப் பந்துப் பரிசுக்கு, தேசத்துக்கு ஒருவராகப் பதினாறு பத்திரிகையாளர்கள் வாக்களித்தார்கள். ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுத, முதற்பெயருக்கு 5 புள்ளியும் கடைசிப் பெயருக்கு 1 புள்ளியுமாகக் கணக்கிட்டதில், நாற்பத்தொரு வயதான ஸ்டான்லி மாத்யூஸ் 47 புள்ளிகளும், அவ்வருஷமே ரியல் மாட்ரிட் சங்கத்துக்கு முதலாவது ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த டி ஸ்டெஃபானோ 44 புள்ளிகளும் பெற்றனர். ஒரு வருஷத்து வெற்றியைக் காட்டிலும் ஓர் ஆயுட்கால சாதனையை மேலாக மதித்த அந்தத் தீர்ப்பு நியாயமானதென்றே எனக்குப் படுகிறது. ஆயினும், ஐரோப்பிய தேசத்துப் பிரஜைகளின் பெயர்களை மட்டுமே எழுதலாம் என்பது அதன் விதி; அர்ஜெண்டினாவிலே பிறந்த டி ஸ்டெஃபானோ ஸ்பெயின் பிரஜையானதனால் அந்தச் சீட்டில் இடம்பெற, பிரேசிலின் பெலேவுக்கு அது கடைசிவரை கிட்டவே இல்லை.

நம்மவரின் நிலை என்ன? 1960 ஆகஸ்டு 26-ஆம் தேதி, ரோம் ஒலிம்பிக் பந்தயங்களின்போது, லாக்விலா நகரில் ஹங்கேரியை இந்தியா எதிர்த்தது. ஹங்கேரியின் இரண்டாவது கோலை அடித்தவர் பதினெட்டே வயதான ஃப்ளோரியான் ஆல்பெர்ட். துளசிதாஸ் பலராம் பதிலுக்கு ஒன்றை அடித்து, ஆட்டம் 2–1 என்று முடிந்தது. இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்திலே பிறந்து, நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் படையணியிலே வளர்ந்து, முன்னணியில் நின்று கோல் போடுபவராகத் தொடங்கிப் பின்னர் கோல் காவலராக மாறி, 1955-லும் 1958-லும் அப்படையணி டூராண்ட் கோப்பையை வெல்லத் துணைநின்றவர். 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற அணியிலும் இருந்தவர்.

ஆல்பெர்ட் 1967-இல் 68 புள்ளிகள் பெற்று, பாபி சார்ல்டனை 28 புள்ளிகள் பின்தள்ளித் தங்கப் பந்தை அடைந்தார். அதே 1967-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது தங்கராஜுக்கு வழங்கப்பட்டது. தங்கப் பந்து பெற்ற ஒரே கோல் காவலரான லெவ் யாஷினுக்கு அவர் நிகரானவர் என்று நான் வாதிக்க வரவில்லை. அந்த ஒப்பீட்டை எழுதிப் பார்ப்பதற்கான சீட்டே எவர் கையிலும் இருக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்று ஆடிய இருவரில் ஒருவரை மட்டுமே நிறுக்கின்ற தராசு, நிறுத்தவரைப் பற்றி மெய்யே சொல்லியிருப்பினும், ஆட்டத்தைப் பற்றி முழு உண்மையைச் சொன்னதாகாது.

ஐரோப்பியச் சங்கங்களில் ஆடும் பிற கண்டத்தாருக்கும் 1995-இல் அந்த விதி தளர்த்தப்பட்டு, முதல் வாக்கெடுப்பிலேயே லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வென்ற வரலாற்றை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)