சம்பளம் கொடுக்க வழி தேடியபோது பிறந்த ஃபுட்பால் லீக்: 1888-ல் நடந்தது என்ன?

இன்று பிரீமியர் லீக் பார்க்கிறவங்களுக்கு மேட்ச் அட்டவணை, புள்ளிப்பட்டியல் எல்லாம் சாதாரண விஷயம். 1888 வரை இங்கிலாந்து கால்பந்தில் இரண்டுமே கிடையாது.

முதலில், காசு வாங்கி ஆடுவதே விதிமீறலாக இருந்தது. 1884-ல் வீரர்களுக்குப் பணம் கொடுப்பதை ஒப்புக்கொண்ட பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி, எஃப்.ஏ. கோப்பையிலிருந்து வெளியேற்றப்பட்டது. தனிச் சங்கம் தொடங்குவோம் என்று வடபகுதி கிளப்புகள் மிரட்ட, 1885-ல் சம்பளத்துக்கு அனுமதி கிடைத்தது.

பிரச்னையே அதுக்கு அப்புறம்தான். சம்பளம் வாராவாரம் கொடுக்கணும். மேட்ச் வாராவாரம் நடக்குமா? கோப்பைப் போட்டியில் தோற்றால் அதோடு சரி. நட்பு ஆட்டங்களோ கடைசி நேரத்தில் ரத்தாகும். டிக்கெட் வசூல் இல்லாமல் கிளப் என்ன செய்யும்?

பர்மிங்காமில் துணிக்கடை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்ரிகோர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. 1888 மார்ச்சில் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடணும். தேதியை முன்பே முடிவு செய்துவிடணும். இவ்வளவுதான் யோசனை. 12 அணிகள் சேர்ந்தன. லண்டன் அணி ஒன்றுகூட இல்லை. எல்லாமே லங்காஷயர், மிட்லண்ட்ஸ் பகுதி அணிகள்.

செப்டம்பர் 8-ல் ஆட்டம் தொடங்கியாச்சு. வேடிக்கை என்னன்னா, வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 புள்ளி என்று முடிவானதே நவம்பரில்தான்!

முதல் சாம்பியன்? அதே பிரெஸ்டன்தான். 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 டிரா. எஃப்.ஏ. கோப்பையும் அந்த சீசனில் அவங்களுக்கே. இங்கிலாந்தின் டாப் லீக்கில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காத அடுத்த அணி, 2003-04-ன் ஆர்சனல்.