பணி ஓய்வுக்குப் பிறகு எந்த ஊர்?

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த பிறகுதான் பலர் இடம் பார்க்கக் கிளம்புகிறார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அந்த வயதில் பெரும்பாலானோருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. கார் ஓட்டுகிறார்கள், மாடி ஏறுகிறார்கள். அதனால் ஆசைகளும் அந்த வயதுக்கு ஏற்றபடியே இருக்கின்றன: நாலு தென்னை வைக்க இடம், மலைக்காற்று, சத்தமில்லாத தெரு, பேரப்பிள்ளைகள் வந்தால் தங்குவதற்கு மாடியில் இரண்டு அறை.

அந்த வீட்டில் கடைசிவரை இருக்கப்போவது யார் என்று யோசித்தால் இந்தப் பட்டியல் தலைகீழாகிவிடும். நம் குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் கணவரைவிடச் சில வயது இளையவர். பெண்களின் சராசரி ஆயுளும் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். மனைவியை இழந்த ஆண்களின் விகிதம் அதில் பாதிகூட இல்லை. ஆகவே, கணவர் தேடிப்பிடித்துக் கட்டிய வீட்டில் கடைசிப் பல வருஷங்களைத் தனியாகக் கழிக்கப்போவது பெரும்பாலும் மனைவிதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். 78 வயதில், கார் ஓட்டத் தெரியாமல், முழங்கால் வலியோடு, ஒற்றை ஆளாக அந்த அம்மா அங்கே எப்படி இருப்பார் என்ற கேள்வியை வைத்துத்தான் ஊரை எடைபோட வேண்டும்.

இது சில குடும்பங்களின் பிரச்சினை மட்டும் அல்ல. தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2011-ல் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2031-ல் அது 18 சதவீதத்தை எட்டும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து வேகமாக மூப்படைந்துவரும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது.

இரவு இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி?

“பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது” என்று வீட்டுத் தரகர் சொல்வதை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது. ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். நோயாளி விழுந்ததை வீட்டார் கவனிப்பது, 108-க்குப் போன் செய்வது, வண்டி வந்து ஏற்றிப் போவது, ஸ்கேன், எல்லாமே இந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் வசதியும் டாக்டரும் இருக்கிற மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்குள் எட்டுகிற தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். டயாலிசிஸ் தேவைப்படுகிற நிலை வந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். நீங்கள் போகிற ஊரில் அப்படி எத்தனை, அவற்றில் இதயத்துக்கும் எலும்புக்கும் பார்ப்பவை எவை என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கான சிஜிஎச்எஸ் மையங்கள் சில நகரங்களில் மட்டுமே உள்ளன. அந்த எல்லைக்கு வெளியே குடியேறி, புறநோயாளியாக அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி தருகிறார்கள். இன்றைய மருந்துக் கடை பில்லுக்கு அது எந்த மூலைக்கு?

சென்னையைப் பலர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் பயந்து ஒதுக்குகிறார்கள். முதியோர் மருத்துவம் என்று பார்த்தால் அதற்கு ஈடான ஊர் தமிழகத்தில் இல்லை. இந்தியாவில் முதியோருக்கெனத் தனி மருத்துவத் துறை முதலில் உருவானது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். அதற்கு வித்திட்ட டாக்டர் வி.எஸ்.நடராஜன் 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மாநகரப் பேருந்தில் 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து இலவச டோக்கன்கள் உண்டு. ஆனால் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகள் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட பாட்டை மறந்துவிட்டு அங்கே தரைத்தள வீடு வாங்கக் கூடாது. வெள்ளத்துக்குப் பயந்து லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குப் போவதும் அதே அளவு தவறு.

மலை வேண்டாம்

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று கனவு காண்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: விடுமுறைக்குப் போங்கள், குடியேறாதீர்கள். கொடைக்கானல் கடல்மட்டத்தில் இருந்து 2,100 மீட்டர் உயரம். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் அந்தக் குளிர் ஒத்துவராது. தெருக்கள் எல்லாம் ஏற்ற இறக்கம். பெரிய மருத்துவமனைகள் இருக்கிற மதுரை 120 கி.மீ. தொலைவில், மலைப்பாதைக்குக் கீழே. போதாக்குறைக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர முடியும். அவசரத்துக்கு ஓடிவருகிற பிள்ளையும் காரில் ஏறும் முன் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

கோவை ஏன் முந்துகிறது?

ஓய்வுபெற்றோர் குடியிருப்புகள் என்றாலே கோவைதான் என்று ஆகி இருபது வருஷங்கள் ஆகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. ஊர் 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் விட்ட இடைவெளி வழியாக ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று வீசுகிறது. சிறுவாணித் தண்ணீரின் பெருமையைக் கோவைக்காரர்களிடம் கேட்க ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். விமான நிலையம் இருப்பதால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வந்துபோவது சுலபம். மருத்துவமனைகளுக்கும் பஞ்சம் இல்லை.

ஆனால் கோவை வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குடியிருப்புகளில் பல நகரத்தின் மேற்கே, வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தை ஒட்டி எழுந்தவை. நிலம் அங்கேதான் மலிவாகக் கிடைத்தது. பிஎஸ்ஜி, கேஎம்சிஎச் போன்ற பெரிய மருத்துவமனைகளோ கிழக்கே அவிநாசி சாலையில். அதாவது அவசரம் என்றால் நகரத்தின் குறுக்கே போயாக வேண்டும். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ்வரை 10.1 கி.மீ. ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு கிழக்குப் பாதி கொஞ்சம் இலகுவாகிவிட்டது. மேற்குப் பாதி நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, அடிவாரம் யானைகளின் இடம். தடாகம், தொண்டாமுத்தூர் பகுதி ஊர்களில் யானை இறங்குவது அடிக்கடி வருகிற செய்தி. விடியற்காலை நடைப்பயிற்சி என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் அதைப் போடுவதில்லை.

என்னைக் கேட்டால், அடிவாரத்துத் தனி வில்லாவைவிட ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி, ராம்நகர் மாதிரிப் பழைய பகுதிகளில் லிஃப்ட் உள்ள சின்ன அடுக்குமாடி வீடு மேல். காய்கறிக் கடை, கோயில், வங்கி, மருந்துக் கடை எல்லாம் நடக்கிற தூரத்தில். விலை அதிகம்தான், இரண்டு படுக்கையறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 78 வயதில் மூன்றாவது அறையைப் பெருக்க ஆள் தேடுவதைவிட அது நல்லது. இதே கணக்கில் பார்த்தால் ஸ்ரீரங்கமும் நல்ல தேர்வு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேடுபள்ளம் இல்லாத நிலம், திருச்சி மருத்துவமனைகள் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், தெருவில் பேச்சுத்துணைக்குச் சம வயதுக்காரர்கள் கிடைப்பார்கள். மே மாத வெயிலைத் தாங்க ஏசி மட்டும் கட்டாயம்.

குடியிருப்பில் சேர்வதானால்

சமையல், சுத்தம், நர்ஸ் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய நிம்மதி. சமையலறையில் இருந்து அந்த அம்மாவுக்கு விடுதலை கிடைக்கிற ஒரே வழி பல வீடுகளில் இதுதான். ஆனால் நீங்கள் வாங்குவது வீடு மட்டும் அல்ல, பல வருஷத்துக்கான ஒரு சேவையையும் சேர்த்து. சில இடங்களில் வீட்டை உங்கள் பெயருக்கே பத்திரம் செய்து தருவார்கள். சில இடங்களில் பெரிய டெபாசிட் கட்டி ஆயுள்வரை இருக்கலாம், வெளியேறும்போதோ இறந்த பிறகோ ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். எதுவானாலும் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். மாதக் கட்டணத்தை உயர்த்த வரம்பு உண்டா? பராமரிப்பு நிறுவனம் மாறினால் அல்லது விலகினால் சமையலறையை யார் நடத்துவது? விற்க வேண்டி வந்தால் யாருக்கு விற்கலாம்? பல வளாகங்களில் குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்பதால் வாங்க வருபவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு அந்த வீடு எழுதிவைத்தாலும் அவர்கள் அங்கே வசிக்க முடியாது.

இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலானோர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். படுத்த படுக்கையானால், மறதிநோய் வந்தால் வைத்துப் பார்ப்பார்களா? தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களை மட்டுமே ஏற்கிற இடங்கள் நிறைய. உதவி தேவைப்படும் நாளில் “பிள்ளைகளை வரச் சொல்லுங்கள்” என்று சொல்கிற இடத்துக்கு இத்தனை பணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரக்கூடும் என்பதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய திட்டமானால் ரெரா பதிவு எண் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஓய்வு இல்லங்களுக்கென மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுநர், சேவை தருபவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை அது வலியுறுத்துகிறது. உங்கள் ஒப்பந்தம் அப்படி இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

சொந்த ஊரும் பிள்ளை வீடும்

இருபது வயதில் விட்டுவந்த கிராமத்துக்குத் திரும்புவது எல்லோருக்கும் உள்ளூர இருக்கிற ஆசை. செலவு குறைவு, சொந்தபந்தம் உண்டு, ராத்திரி கதவைத் தட்டினால் ஆள் வருவார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆயுள் சான்றிதழுக்குக்கூடத் தபால்காரர் வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்கிறார். ஆனால் ஒரு சிக்கல்: கணவரின் சொந்த ஊர் மனைவிக்குச் சொந்த ஊர் அல்ல. முப்பது நாற்பது வருஷம் நகரத்தில் வாழ்ந்துவிட்டு, கணவரின் பங்காளிகளுக்கு நடுவே, கூட்டுப் பட்டாவில் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பது எளிதல்ல. திரும்புவதென்றால் பாகப்பிரிவினையை முடித்து, பட்டாவைத் தனியாக்கி, அதில் மனைவி பெயரையும் சேர்த்துவிட்டுத் திரும்புங்கள்.

வெளிநாட்டில் பிள்ளையோடு போய் இருப்பது பலருக்கு நடைமுறையில் இயலாது. அமெரிக்காவில் விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான்; கிரீன் கார்டு கிடைத்தாலும், அங்கே வேலை பார்த்திராதவர்கள் மெடிகேர் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரவே ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

உள்ளூரிலேயே பிள்ளையோடு இருக்கப்போகிறவர்கள், இருக்கிற வீட்டை அவர்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். உயில் போதும். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்துசெய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை முக்கியம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாக விரிந்த பொருளில் படிக்க வேண்டும் என்றது. எழுதத்தான் வேண்டும் என்றால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

முதலில் வாடகைக்கு

எந்த ஊரானாலும் வாங்கும் முன் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மே மாத வெயிலும் ஐப்பசி மழையும் அந்த வருஷத்துக்குள் வந்துபோக வேண்டும். வாடகை வீண் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500, வரிக்கு முன்பு. பெரிய வீட்டுக்காகக் கூடுதலாகப் போடுகிற ஒவ்வொரு 30 லட்சமும் இந்த மாத வருமானத்தைத் தின்றுவிடும். கோவையிலோ திருச்சியிலோ இந்தத் தொகைக்குள் இரண்டு பேருக்குப் போதுமான வாடகை வீடு கிடைக்கும்.

வாடகைக்கு இருக்கிற அந்த வருஷத்தில் காரை எடுக்காமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மனைவி தனியாக வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்வரட்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கு டிக்கெட் வேண்டாம். போய்வந்து “இங்கே என்னால் முடியாது” என்று அவர் சொன்னால், ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு, சொத்து, குடியிருப்பு தொடர்பாக உதவி வேண்டுவோர் 14567 என்ற ‘எல்டர்லைன்’ கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். பராமரிப்புச் சட்டத்தின் கீழான மனுக்களைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.