கிரகங்களுக்கு இசை எழுதிய பாட்டு வாத்தியாரைத் தெரியுமா?

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியதே, அந்த அப்போலோ அரங்கத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது தெரியுமா? ஹாமர்ஸ்மித் பகுதியின் செயின்ட் பால்ஸ் பள்ளி. 1905 தொடங்கி 1934-ல் கண்மூடும்வரை அங்கே பாட்டு வாத்தியாராக இருந்தவர் குஸ்தவ் ஹோல்ஸ்ட். ஆம், உலகெங்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் இன்றும் வாசிக்கிற ‘தி பிளானட்ஸ்’ அவர் எழுதியதுதான்!

பியானோ கலைஞராக வேண்டும் என்று துடித்தவர் அவர். வலது கையில் வந்த நரம்பு வலி அந்தக் கனவைப் பறித்துவிட்டது. டிராம்போன் ஊதிச் சம்பாதித்தார், பிறகு ஆசிரியரானார்.

அவர் சமஸ்கிருதம் படித்தது தெரியுமா? நம் இதிகாசங்கள் மீது அப்படி ஒரு மோகம்! கையில் கிடைத்த மொழிபெயர்ப்புகள் திருப்தி தராததால், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்து மொழியையே கற்கத் தொடங்கிவிட்டார். ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தார், மேகதூதத்தைச் சேர்ந்திசையாக்கினார். 1908-ல் எழுதிய ‘சாவித்ரி’ ஓபராவில் முக்கியப் பாத்திரங்கள் மூன்றே பேர், வாத்தியங்கள் பன்னிரண்டு. எடுத்த எடுப்பில் யமனின் குரல் மேடைக்கு வெளியிலிருந்து வருகிறது, துணைக்கு ஒரு வாத்தியம்கூடக் கிடையாது. கேட்டுப் பாருங்கள், சிலிர்த்துப்போவீர்கள்!

‘தி பிளானட்ஸ்’ வானியல் அல்ல, ஜோதிடம்! ஹோல்ஸ்ட் நண்பர்களுக்கு ஜாதகம் கணிப்பார். செவ்வாய், வெள்ளி, புதன், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று ஏழு பகுதிகள். நம் நவகிரகத்தைப் போலவே அதிலும் பூமிக்கு இடமில்லை.

வாரம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர் இவ்வளவு பெரிய படைப்பை எப்போது எழுதினார்? வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும்தான்! 1913-ல் பள்ளி அவருக்கு வெளிச்சத்தம் புகாத ஓர் அறையைக் கட்டிக்கொடுத்தது. கை வலித்தபோது, அவர் சொல்லச் சொல்ல ஸ்வரங்களை எழுதிக்கொடுத்தவர்கள் சக ஆசிரியைகளான வேலி லாஸ்கரும் நோரா டேயும். வேலைக்குப் போனால் கலை கெட்டுவிடும் என்பார்கள். ஹோல்ஸ்ட் விஷயத்தில் அதை நான் ஒப்பவே மாட்டேன். அந்த அறையும் அந்தக் கைகளும் பள்ளி தந்தவை அல்லவா? 1918 செப்டம்பர் 29 அன்று குயின்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் நடத்திய முதல் அரங்கேற்றத்துக்குக் கிடைத்த ஒத்திகை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கடைசிப் பகுதியில் மேடைக்கு வெளியே நின்று பாடிய பெண்கள் குழுவில் அவருடைய மாணவிகளும் இருந்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். உழைக்கும் மக்களுக்கான மோர்லி கல்லூரியிலும் 1907 முதல் அவர் வகுப்பெடுத்தார். ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் ‘தி ஃபேரி குயின்’ இசையைப் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு அதுவரை யாரும் மேடையில் முழுமையாகக் கேட்டதில்லை. பல காலம் தொலைந்துபோயிருந்த அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்ததும், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வந்த அந்த மாணவர்கள் சுமார் 1,500 பக்கங்களைக் கையாலேயே பிரதியெடுத்தார்கள். 1911 ஜூனில், ஹோல்ஸ்ட் முன்நின்று நடத்த, அவர்களே மேடையேறி அதைப் பாடினார்கள்!