கூரையும் அறிவும்

மேம்பாலங்களின் அடியிலும் தொடர்வண்டி நிலைய நடைமேடைகளிலும் இரவைக் கழிக்கும் சிறுவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றவர்கள். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள். நம் குடும்பங்களும் அவ்வாறு வந்தவையே. நமக்கு ஒரு கூரை கிடைத்தது. கிடைக்காதவர்களின் பிள்ளைகளுக்கு உடல் மட்டுமன்றி மூளையும் நலிகிறது.

முதற்காரணம் உறக்கமின்மை. பகலில் கற்றதை மூளை நினைவில் நிலைநிறுத்துவதற்கு உறக்கம் இன்றியமையாதது. இரைச்சலும் விளக்கொளியும் கொசுக்கடியும் மிகுந்த நடைபாதையில் நல்லுறக்கம் எவ்வாறு வாய்க்கும்? மறுநாள் கவனம் சிதறுகிறது.

இரண்டாவது காரணம் இடையறாத அச்சம். ஆபத்து நேரும்போது உடலில் கார்டிசோல் என்னும் சுரப்புநீர் மிகுகிறது. சிறிது நேரம் மிகுந்தால் அது நம்மைக் காக்கும். ஆனால் யார் விரட்டுவாரோ என்று நாள்தோறும் அஞ்சி வாழ்வோர்க்கு அதுவே தீங்காகலாம். நினைவுக்கு உதவும் மூளைப்பகுதியையும், திட்டமிடவும் பொறுமை காக்கவும் உதவும் முன்பகுதியையும் அது பாதிக்கக்கூடும். இம்முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயது வரை ஆகும்.

மூன்றாவது காரணம் சத்துக்குறைவு. இரும்புச்சத்துக் குறைந்தால் சோர்வு உண்டாகும்; கற்றலும் தடைப்படும்.

ஆகவே, அச்சிறுவர்கள் பாடத்தை மறந்தால் அறிவற்றவர்கள் என்று இகழலாகாது. சாலைச் சந்திப்பில் பேனா விற்கும் சிறுவன் மீதிச் சில்லறையை நொடியில் கணக்கிடுகிறான். அவனிடம் அறிவு உண்டு. அதை வளர்க்கும் அமைதிதான் இல்லை.

இளம் மூளை மாற்றத்தை ஏற்கும் தன்மையது. பாதுகாப்பான இடம், உணவு, அன்புடையோர் துணை ஆகியவை கிடைத்தால் அது தேறி வளரும். டெல்லியில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளை, தெருவோரச் சிறுவர்க்கு உறைவிடமும் கல்வியும் அளித்து வருகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். துணையின்றித் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணை அழைக்குமாறு பெரியோரிடம் கூறுங்கள். கூரை என்பது ஒரு குழந்தையின் அறிவுக்கும் காப்பாகும்.

சொற்பொருள்
நலிதல் – மெலிதல்
சுரப்புநீர் – ஹார்மோன்
இகழ்தல் – பழித்தல்

வினாக்கள்
1. உறக்கமின்மை கற்றலை எவ்வாறு பாதிக்கிறது?
2. கார்டிசோல் எப்போது நன்மை தரும்? எப்போது தீமை தரும்?
3. உங்கள் வகுப்பில் வீடற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தால் அவருக்கு எவ்வாறு உதவுவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.