ஒரு மடல், பல முகம்

அச்சுக்கூடத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தை ஆயிரம் பிரதிகள் எடுத்தால் ஆயிரமும் ஒன்றுபோலவே அமையும். முதற் பிரதியைப் பெற்றவர் கண்டதையே கடைசிப் பிரதியைப் பெற்றவரும் காண்பார். மின்னஞ்சலின் இயல்போ அத்தகையதன்று. ஒரு வியாபார நிலையம் ஒரே விளம்பர மடலை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறது. ஒருவருடைய திரையில், விரல் பட்டதும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. இன்னொருவருடைய திரையில் முதற் படம் மாத்திரம் அசைவற்று நிற்கிறது. மூன்றாமவருக்கோ படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங் கட்டமே தோன்றுகிறது. அனுப்பியவர் ஒருவர், அனுப்பியதும் ஒன்று. அவ்வாறாயின் இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று?

மின்னஞ்சல் என்பது எழுதி முடிக்கப்பட்ட கடிதமன்று. "இவ்விடத்தில் இந்தப் படத்தை வை; இந்த வரியைப் பெரிதாகக் காட்டு" என்று கூறும் கட்டளைகளின் தொகுதியே அது. அக்கட்டளைகளைப் படித்து, திரையில் மடலை ஆக்கிக் காட்டுவது நம்முடைய கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள அஞ்சற் செயலியாகும். ஜீமெயில், அவுட்லுக், அப்பிள் மெயில், யாகூ மெயில் என இச்செயலிகள் பலவாம். ஒரே சமையற் குறிப்பை நால்வர் கையிற் கொடுத்தால் நான்கு சுவையில் கறி வருவதுபோல, ஒரே மடல் நான்கு செயலிகளில் நான்கு விதமாகத் தோன்றுகிறது.

எழுத்திலிருந்து அலங்காரத்துக்கு

1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பிக் காட்டினார். அக்காலத்து மடலில் வெற்றெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 1992ஆம் ஆண்டில் நதானியேல் போரன்ஸ்ரீன், நெட் பிறீட் என்னும் இருவர் வகுத்த 'மைம்' என்ற நியமம் படத்தையும் ஒலியையும் மடலில் ஏற்றுவதற்கு வழிசெய்தது.

அந்நியமத்தில் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே செய்தியைப் பல வடிவங்களில் எழுதி, ஓர் உறைக்குள் அடுக்கி அனுப்பலாம். எளிய வடிவம் முதலிலும் சிறந்த வடிவம் இறுதியிலும் இருக்கவேண்டும். பெறுகின்ற செயலி, தனக்கு விளங்கக்கூடியவற்றுள் இறுதியாக உள்ளதை எடுத்துக் காட்டும். ஆற்றல் குறைந்த செயலியுடையவரும் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே இதன் உட்கருத்து.

இயங்கும் மடலுக்கு ஏன் தடை?

இணையப் பக்கங்களை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. அதை மடலுக்குள்ளும் வைத்தால் வேலை முடிந்ததே என்று சிலர் எண்ணலாம். ஆனால், முக்கியமான அஞ்சற் செயலிகள் யாவும் அதனை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றன. காரணம் தெளிவானது. இணையப் பக்கத்தை நாமே தேடிச் செல்கிறோம். மடலோ அழையாமலே வீட்டுக்குள் வருகிறது. 1999ஆம் ஆண்டில் வெளிப்பட்ட 'பபிள்போய்' என்னும் நச்சுநிரல், இணைப்பு எதனையும் திறவாதபோதும், மடலைத் திறந்த மாத்திரத்திலே இயங்கவல்லதாய் இருந்தது. இத்தகைய ஆபத்துக்கு இடங்கொடுப்பதிலும், அசையாத மடலே நன்று எனச் செயலிகளை ஆக்குவோர் முடிவு செய்தனர்.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் அவுட்லுக் செயலி வேறொரு திசையிற் சென்றது. அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மடலைத் திரையில் வரையும் பணி இணைய உலாவியின் பொறியிடமிருந்து 'வேர்ட்' என்னும் எழுத்தாவணப் பொறிக்கு மாற்றப்பட்டது. அதன் பயனாக, அவ்வழிவந்த பதிப்புகள் பலவற்றில் அசையும் படத்தின் முதற் சட்டம் மாத்திரமே தெரிந்தது. "பாதி விலை" என்ற அறிவித்தல் மூன்றாவது சட்டத்தில் இருந்தால், அவுட்லுக் வாசகர் அதை ஒருபோதும் அறியார். ஆதலின், தேர்ந்த மடலாக்குநர் முக்கிய செய்தியை முதற் சட்டத்திலேயே பொறிக்கப் பழகினர். இணையப் பொறியில் இயங்கும் புதிய அவுட்லுக் இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளது.

இரண்டு உபாயங்கள்

நிரலின்றியே மடலை இயக்குவதற்கு ஓர் உபாயம் கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத தெரிவுக் கட்டம் ஒன்றை மடலில் மறைத்து வைப்பார்கள். வாசகர் ஒரு படத்தைத் தொட்டதும் கட்டம் தெரிவாகிறது. "கட்டம் தெரிவானால் இரண்டாம் படத்தைக் காட்டு" என்ற அலங்கார விதி உடனே செயற்படுகிறது. அப்பிள் மெயிலில் இவ்வுபாயம் நன்கு பலிக்கும். ஜீமெயிலிலும் வேர்ட் பொறியுள்ள அவுட்லுக்கிலும் பலிப்பதில்லை.

மற்றைய உபாயம் கூகிள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அறிவித்து, 2019 மார்ச்சில் ஜீமெயிலில் வெளியிட்ட 'அம்ப்' மடலாகும். சோதித்து அனுமதிக்கப்பட்ட சில உறுப்புகளைக் கொண்டே மடலுக்குள் படிவம் நிரப்பவும், விருப்பத்தைத் தெரிவிக்கவும், புதிய விபரங்களைப் பெறவும் அது இடமளித்தது. பின்ரறெஸ்ற், புக்கிங்.கொம், இந்தியாவின் ஓயோ ஆகிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே இதனைக் கைக்கொண்டன. யாகூ மெயிலும் ரஷ்யாவின் மெயில்.ரு சேவையும் ஏற்றுக்கொண்டன. மைக்ரோசொப்ற் தன் இணைய அஞ்சலில் பரீட்சித்துப் பார்த்து, 2020ஆம் ஆண்டில் கைவிட்டது. அப்பிள் மெயில் ஏற்கவில்லை. ஆகவே, அப்பிளில் பலித்தது ஜீமெயிலில் பலியாது. ஜீமெயிலில் பலித்தது அப்பிளில் பலியாது. இரு கரைக்கும் ஒரே ஓடம் இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விநோதத்தையும் குறிப்பிடவேண்டும். சிறந்த வடிவம் இறுதியில் வரவேண்டும் என்பது பழைய விதி. ஆயினும், சில செயலிகள் ஆராயாமல் இறுதிப் பகுதியையே எடுத்துக் காட்டுவதால், அம்ப் பகுதியை நடுவிலும் சாதாரண வடிவத்தை இறுதியிலும் வைக்கவேண்டியதாயிற்று.

மாறும் மடல் சாட்சியாகுமா?

கடிதத்தை நாம் பேணி வைப்பது எதற்காக? எழுதியது எழுதியபடியே இருக்கும் என்ற நம்பிக்கையினாலன்றோ! அம்ப் மடலோ திறக்குந்தோறும் அனுப்பியவரின் வழங்கியிலிருந்து புதிய விபரத்தைப் பெறக்கூடியது. திங்கட்கிழமை கண்ட விலையை வெள்ளிக்கிழமை காணாமற் போகலாம். அதை நண்பருக்கு மீள அனுப்பினால் அம்ப் பகுதி நீங்கிச் சாதாரண வடிவமே செல்லும். வழக்கமாக 30 நாட்களின் பின் பெற்றவருக்கும் சாதாரண வடிவமே எஞ்சும். அந்தச் சாதாரண வடிவத்தில் விலையும் நிபந்தனையும் எழுதப்படவில்லையெனில், "இப்படித்தான் சொன்னீர்கள்" என்று காட்டுவதற்கு வாசகர் கையில் என்ன இருக்கிறது?

எனவே, மடல் அனுப்புவோர்க்குரிய முதற் கடமை அலங்காரமன்று. விண்ணப்ப முடிவுத் திகதி, கட்டணம், இடம், தொடர்புகொள்ளும் வழி ஆகியவை படத்துக்குள்ளோ, தொட்டால் மாத்திரம் திறக்கும் மடிப்புக்குள்ளோ ஒளிந்திருத்தலாகாது. வெற்றெழுத்தில் இருத்தல் வேண்டும். பழைய கணினியை உடையவரும், தரவுச் செலவுக்கு அஞ்சிப் படங்களை நிறுத்தி வைத்தவரும், திரையை வாசித்துச் சொல்லும் கருவியின் துணையோடு படிக்கும் விழிப்புலனற்றவரும் நம்பியிருப்பது அவ்வெழுத்தையே.

வாசகர்க்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. மடலில் வெறுங் கட்டம் தோன்றினால், செய்தி முழுவதையும் கண்டுவிட்டோம் என்று எண்ணவேண்டாம். அனுப்பியவர் அறிமுகமானவராயின், "உலாவியிற் பார்க்க" என்ற இணைப்பு இருக்கிறதா என்று தேடுக. மடலுக்குள்ளேயே கடவுச்சொல்லையோ வங்கி விபரத்தையோ கேட்கும் படிவம் எத்துணை அழகியதாயினும் நிரப்பற்க. விலையோ திகதியோ முக்கியமானதாயின், கண்ட அன்றே திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்க. மாணவர்கள் விண்ணப்பக் காலத்தில் இப்பழக்கத்தைக் கைக்கொண்டால் பின்னர் கவலைப்பட நேராது.